கேப்டனின் பூட்ஸ்

என்னங்க,

கம்பெனி பஸ் வந்துவிடும். தால்ச்சா குக்கரில் இருக்கிறது.

நேற்று இரண்டு விண்வெளித் தொடர்களின் மகாசங்கமம் முதல் பாகம் முடிந்ததும் ரசிகர் குரூப்பே கொண்டாடியது. நான் மட்டும், "அந்த விண்கலக் கேப்டன் போலி. போன வாரம் பூட்ஸ்ல ரெட்டைத் தையல், இப்போ ஒத்தைத் தையல்" என்று எழுதினேன். "செருப்பு கம்பெனி அக்காவுக்கு இன்னா தெரியும்?" என்றான் ஒருவன். எழுபது பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள். அதில் நீங்களும் ஒருவர்! காலையில், "அதை அழிச்சிடு, பேஜாரா இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டீர்கள்.

பன்னிரண்டு வருஷமாகத் தையலைப் பார்த்துத்தான் ஷூவுக்கு ஜோடி சேர்க்கிறேன். அழிக்க மாட்டேன். முதலில் உங்கள் சிரிப்பை எடுங்கள்.

ஹுமேரா

சாவி பக்கத்து வீட்டு பில்கிஸ் அக்காவிடம்.

இன்று ஏழு மணிக்கு அடுத்த பாகம். நான் வராமல் டிவியைப் போடாதீர்கள். கேப்டன் மாட்டும்போது உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டும்.