ஐந்து நாள் போதும்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே குழந்தைகள் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், வருகைதரு பேராசிரியருக்கு என்ன குறைச்சல்! போனில் பேசலாம் என்றால், நான் வாயைத் திறந்ததுமே உங்களுக்கு ஏதாவது ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. அதனால்தான் இந்த மின்னஞ்சல். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. நாளைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்றே பிளம்பர் மாதத்தை ஓட்டிவிட்டார். அதெல்லாம் கிடக்கட்டும். மாமா விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன் அல்லவா? நீங்கள் வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்கிற அதே காய்ச்சல்தான். பத்து நாள் மாத்திரை சாப்பிட வேண்டும். ஆறாம் நாள் காலையில் மாத்திரையை நீட்டினால் கையைத் தள்ளிவிட்டார். என் பையன் அஞ்சு நாள் போதும்னு உலகத்துக்கே எழுதிக் குடுத்திருக்கான், நீ என்னம்மா புதுசா சொல்றே என்கிறார்.

நான் காய்ச்சல் வார்டு டாக்டர் என்பதெல்லாம் அவரிடம் எடுபடுமா? கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் ஆள் எண்ணுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து, உங்கள் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பல்லே துலக்குகிறார். உன் புருஷன் வண்டியில இன்னிக்கு இன்னும் நாலு பேர் ஏறிட்டாங்கம்மா என்று சமையலறை வரைக்கும் வந்து சொல்கிறார். ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் டிரைவரைத் திட்டத்தான் ஏறியிருக்கிறார்கள் என்று எந்த வாயால் சொல்வேன்?

உங்களுக்குத் தெரியாததா? ஐந்து நாளில் மருந்தை நிறுத்தியவர்களில், மறுபரிசோதனைக்கு வராதவர்களை எல்லாம் குணமானவர்கள் என்று சேர்த்துக்கொண்டீர்கள். அவர்கள் குணமாகவில்லை. உங்கள் மருத்துவமனைக்குத் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். காய்ச்சல் திரும்பி என் வார்டுக்கு வந்து படுத்தார்கள். அன்றைக்கே சொன்னேன். அடுத்த கட்டுரையில் திருத்திவிடுகிறேன் என்றீர்கள். எங்கே திருத்தினீர்கள்? அது தப்பு என்று நிரூபிக்க ஆளாளுக்கு எழுதினார்கள். எழுதியவர்கள் எல்லாம் உங்கள் கட்டுரையைக் குறிப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அதைப் பார்த்து இப்போது ஆராய்ச்சி நிலைய இயக்குநர் பதவிக்கு உங்கள் பெயர் அடிபடுகிறதாம். என்ன கூத்து இது! கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள் என்றால், அந்தப் பதவிக்கு ஆள் தேர்வு முடியட்டும் என்கிறீர்கள்.

பொறுக்க முடியாமல் மாமாவிடம் நானே சொல்லிவிட்டேன், அந்தக் கட்டுரை தப்பு என்று. புருஷன் பேர் வாங்கறது பொண்டாட்டிக்கே பொறுக்கலைன்னா வெளியில இருக்கறவன் என்ன பண்ணுவான் என்று சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. குளியலறைக்குள் போய் அழுதேன். ஒழுகுகிற குழாய் அதற்காவது உதவியது.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து உடம்பு மறுபடி சுடுகிறது. வெயில் சூடு என்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே சொல்கிறார். ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால், அஞ்சு நாள்ல சரியானதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு என்கிறார். இந்த வயதில் இது திரும்பினால் என்ன ஆகும் என்று நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பதவியைப் பற்றி நாம் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். இப்போது அவருக்குப் போன் போடுங்கள். அவள் சொல்வதைக் கேளுங்கள் அப்பா என்று மட்டும் மழுப்பாதீர்கள், அதற்கெல்லாம் அவர் மசிய மாட்டார். நான் எழுதினது தப்புப்பா, மாத்திரையைப் போட்டுக்கோங்க என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். வேறு யார் சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை.

இன்று காலை அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. கம்ப்யூட்டரைக் கட்டிலுக்கே கொண்டுவரச் சொன்னார். இன்னும் இரண்டு பேர் ஏறியிருக்கிறார்களாம். பல் கிடுகிடுக்க என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அவரும் இருக்க வேண்டும். படித்து முடித்ததும் போனை எடுங்கள்.

அவர் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
உங்கள் மனைவி