லோச் மீனுக்கு வேப்பிலை

வெள்ளவத்தை,
புதன்கிழமை.

அன்பு மகன் உமாசுதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். மெல்பேர்னில் நீயும் நிருஷாவும், அவள் வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும் என் பேரப்பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று நாள் தவறாமல் பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தொட்டியில் இருக்கிற ஐந்து லோச் மீன்களும் சுகம். அதை எழுதாமல் விட்டால் உன் அப்பா கோபித்துக்கொள்வார், இந்த வீட்டில் இப்போது எவருடைய சுகத்தையும்விட அவற்றின் சுகம்தான் பெரிது. போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அவர் பக்கத்துக் கதிரையில் வந்து குந்திவிடுவார், வாட்ஸ்அப்பில் எழுதினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை எடுத்து வாசிப்பார். பக்கத்து வீட்டு றஸ்மியாவின் மகள் சனிக்கிழமை அங்கே வருகிறாள், அவளிடம் கொடுத்து விடுகிறேன். நிருஷாவுக்குக் காட்டாமல் நீ மட்டும் வாசி.

நீ கூப்பிட்ட அன்றே நான் சூட்கேசை இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். நிருஷா தாயில்லாத பிள்ளை, பிள்ளைப்பேற்றுக்கு நான் வராமல் வேறு யார் வருவது. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற சரக்கு வறுத்து இடித்து மூன்று போத்தலில் அடைத்தாயிற்று, விசாவும் வந்தாயிற்று. பிளேன் ரிக்கற் ஒன்றுதான் பாக்கி. விசா வந்த மறுநாள் உன் அப்பா கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒரு பொலித்தீன் பையில் ஆறு மீனோடு வந்து நிற்கிறார். ஊரில் எவனாவது மூன்று மாதம் வெளிநாடு போகப்போகிற நேரத்தில் மீன் வாங்குவானா என்று கேட்டேன். நீ விட்டுவிட்டுப் போன தொட்டியில் நத்தை பெருகிவிட்டதாம், லோச் நத்தையைத் தின்னுமாம். நத்தையை நான் கரண்டியால் அள்ளி எறிந்திருப்பேன்.

மஞ்சளில் கறுப்புப் பட்டை போட்ட மீன்கள், வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வடிவை யார் கண்டது. வந்த நாளிலிருந்து ஆறும் ஒளித்துக்கொண்டன. அவை ஒளிப்பதற்கென்று பைப் துண்டுகள் வாங்கி அறுத்துப் போட்டார், பிறகு அந்தப் பைப்புக்குள் எட்டிப் பார்ப்பதற்கு ஒரு டோர்ச் வாங்கினார். மீன் வெளியே பாயுமாம் என்று தொட்டி மூடியின் மேல் என் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்திருக்கிறார், நான் ஒரு மாதமாக மிக்சியில் அரைத்த சம்பல்தான் சாப்பிடுகிறேன். குழாய்த் தண்ணீரில் மருந்து மணக்கிறதாம், அதனால் ஒரு நாள் முழுக்க வாளியில் வைத்து ஆறவிட வேண்டுமாம். குளியலறையில் இப்போது ஐந்து வாளி நிற்கிறது, குளிக்கப் போகிறவர் ஒற்றைக் காலில் நின்றுதான் குளிக்க வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் பெரிய பெரிய குளங்களைப் பார்த்த மனுசன், இப்போது நாலடித் தொட்டிக்கு முன்னால் கொப்பியும் பேனையுமாக இருக்கிறார். காலையும் மாலையும் தண்ணீரின் சூட்டை எழுதுகிறார். என் பிரஷர் என்ன என்று கேள், தெரியாது.

மூன்றாம் நாள் ஒரு மீன் பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் றஸ்மியா ஓடி வந்துவிட்டாள். அப்பா ஆறுதலாக வந்து பார்த்துவிட்டு, அது நித்திரை கொள்ளுது பத்மா, லோச் அப்பிடித்தான் படுக்கும் என்றார். கடைக்காரர் நப்ரீஸ் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். செத்த மாதிரிப் படுத்து மனிசரைப் பயப்படுத்துகிற பிராணியை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு, டோர்ச்சை அடித்து அடுத்த பைப்புக்குள் பார்த்தார்.

இனி எழுதுவதுதான் உனக்குத் தெரியாதது. இரண்டாம் கிழமை ஆறு மீனிலும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாக எழும்பிவிட்டது. புதிதாக வாங்கி வந்த மீனுக்கு அப்படி வருவது வழக்கமாம். நப்ரீஸ் ஒரு மருந்து கொடுத்து, போத்தலில் எழுதியிருப்பதில் பாதிதான் லோச்சுக்கு விட வேண்டும் என்று சொன்னார். அப்பா ஊசிக்குழாயில் அளந்து அதன்படியே விட்டார். தண்ணீரைச் சூடாக்கவும் வேண்டுமாம். வெளியே ரோட்டில் தார் உருகுகிறது, வீட்டுக்குள் மீனுக்கு ஹீற்றர் போட்டிருக்கிறோம். எனக்கு அந்தப் பொட்டுகளைப் பார்க்கப் பார்க்க நீ இரண்டாம் வகுப்பில் கொப்பளிப்பான், அந்த அம்மன் வருத்தம், வந்து கிடந்ததுதான் நினைவில் வந்தது. அன்றைக்கு என்ன செய்தோமோ அதைத்தான் செய்தேன். சிரிக்காதே. வீட்டில் தாளிப்பதை நிறுத்தினேன், மீன் இறைச்சி என்று மச்சம் காய்ச்சுவதை நிறுத்தினேன், ஒரு கிழமை சொதியும் சோறும்தான். அப்பா ஏன் என்று கேட்கவுமில்லை, அவருடைய கண் தொட்டியில் இருந்தது. பிறகு அவர் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போன அன்று, றஸ்மியா வீட்டு மரத்தில் ஒரு கைப்பிடி வேப்பிலை ஒடித்து, மஞ்சளோடு இடித்து, துணியில் முடிந்து, தண்ணீர் சுற்றி வருகிற அந்த வடிகட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மாரியம்மனுக்கு நேர்த்தியும் வைத்தேன். மருந்தினால் தண்ணீர் ஏற்கெனவே நீலமாக இருந்தது, கொஞ்சம் பச்சை பாய்ந்ததை அவர் வந்து பார்த்துவிட்டு மருந்தின் நிறம் என்றே நினைத்தார். பிள்ளைகளுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் காலையில் ஒரு மீன் பக்கவாட்டில் கிடந்தது. நித்திரை என்று இரண்டு பேரும் மத்தியானம் வரை அதைக் குழப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா ரேடியோவைக்கூடக் குறைத்து வைத்தார். மற்ற ஐந்தும் வாயை வாயைத் திறந்து மேலுக்கு வரத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வேப்பிலை நினைவு வந்தது. அவர் தொட்டித் தண்ணீரை மாற்ற வாளிகளை எடுக்க ஓடினார், அந்தச் சந்தடியில் நான் துணி முடிச்சை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். ஐந்து தப்பின, ஒன்று போய்விட்டது. அவர் அதைக் கீழே பூச்சாடி மண்ணுக்குள் தாட்டுவிட்டு வந்து கொப்பியை மூடி வைத்தார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மீன்தானே, நாலு நாளில் மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து ரிக்கற் என்று வாய் திறந்தால் மீன் என்கிறார். போன ஞாயிறு வீடியோவில் எப்போது வருகிறீர்கள் என்று நீ கேட்டாய், அவர் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பி, இவையள விட்டிட்டு எப்பிடி வாறது என்றார். நீ சிரித்தாய், நிருஷாவும் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திங்கட்கிழமை இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, இன்றைக்கு பம்பலப்பிட்டிக்குப் போய் ரிக்கற் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று செருப்பையும் போட்டுக்கொண்டு நின்றேன். நீர் தனியப் போம், நான் வரேல்லை என்றார். அஞ்சு மீன் பெரிதா, பேரப்பிள்ளை பெரிதா என்று கத்தினேன், கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். அப்போதுதான் சொன்னார். போன வருசமும் நான் போய் ரிக்கற் எடுத்தன், ஒரு கிழமையில நிருஷா வயித்தில இருந்த பிள்ளை தங்காமப் போச்சு. இப்ப இதுகள வாங்கினன், அளந்து அளந்துதான் மருந்து விட்டன், என்ர கையால விட்ட மருந்திலதான் அது செத்தது. எனக்குக் கைராசி இல்லை பத்மா. இப்ப பிறக்கப்போற பிள்ளையத் தூக்க நான் வரேல்லை, நீர் போய்ப் பாரும்.

தம்பி, நான் செருப்போடு அப்படியே நின்றேன். அந்த நேரமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு வாய் வரவில்லை. அவருக்குப் பயந்து இல்லை, ஒரு கிழமை மறைத்துவிட்டு எந்த முகத்தோடு சொல்வது என்ற வெட்கம். அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் முழுக்க என் பக்கம் திரும்பிவிட்டது. படித்த மனுசன் இப்படியும் நினைப்பாரா என்று ஒரு பக்கம், நினைக்க வைத்தவள் நான் அல்லவா என்று மறுபக்கம். அவர் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து நப்ரீசுக்குப் போன் எடுத்து விசயத்தைச் சொன்னேன். என்ன அன்ரி நீங்க, லோச்சுக்கு செதில் மிச்சம் பொடிசு, வெறுந்தோல் மாதிரித்தான், அதாலதானே மருந்தையே பாதியாக்கிச் சொன்னது, அதுக்கு மேல வேப்பிலையும் இடிச்சுப் போட்டா தாங்குமா, அங்கிள்ட மருந்தில ஒரு பிழையும் இல்ல, மத்த அஞ்சும் தப்பினது அவர் தண்ணி மாத்தினதாலதான் என்றார்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிவிட்டேன். தொட்டிக்கு முன்னால் அவர் இருந்தார், நான் பின்னால் நின்று, முகத்தைப் பார்க்காமல், வேப்பிலையில் தொடங்கிக் குப்பைவாளி வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் திரும்பவில்லை. எவ்வளவு இலை போட்டனீர் என்று கேட்டார். ஒரு கைப்பிடி என்றேன். மஞ்சள் எவ்வளவு என்றார். இரண்டு கரண்டி என்றேன். கொப்பியை எடுத்து ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அப்ப நான் மருந்து சரியாத்தான் விட்டிருக்கிறன் என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை அதையே சொன்னார். உன் அப்பா அழுது நான் கண்டது இரண்டு தரம், இது மூன்றாவது. அதற்குப் பிறகு தொடங்கினார் பார், கலியாணம் கட்டிய முப்பத்தெட்டு வருடத்தில் அப்படி ஏச்சு நான் வாங்கியதில்லை. விசரி என்றார், உம்மட மாரியம்மன் தொட்டிக்குள்ளயும் வருவாவோ என்றார், வீட்டில் ஒரு கிழமை தாளிக்காத சொதி குடித்ததெல்லாம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஏசட்டும், ஏசுகிற மனுசனோடு சீவிக்கலாம்.

பின்னேரம் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க, குசினி வாசலில் வந்து நின்றார். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது. பச்சைப் பிள்ளையைத் தூக்கும்போது தலைக்கு எந்தக் கை கொடுக்கிறது என்று கேட்டார். நீ பிறந்தபோது அவர் வெளியூர் வேலையில் நின்றவர், கழுத்து நின்ற பிறகுதான் உன்னைத் தூக்கினார். நான் துவாயைப் பிள்ளை மாதிரிச் சுருட்டிக் காட்டிக் கொடுத்தேன். மூன்று தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, துவாயை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நாளைக்கு இரண்டு பேருமாகப் போய் ரிக்கற் எடுக்கிறோம். நான்தான் எடுத்துக் கையில் வைத்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன், அதற்குத் தலையாட்டினார். நாங்கள் இல்லாத நாட்களில் மீனுக்கு றஸ்மியா சாப்பாடு போடுவாள், கிழமைக்கு ஒரு தடவை நப்ரீஸ் வந்து தண்ணீர் மாற்றுவார். றஸ்மியாவுக்கென்று உன் அப்பா ஏழு பக்கம் எழுதியிருக்கிறார், முதல் வரியில் வேப்பிலை போடக்கூடாது என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார். அதையும் பொறுத்துக்கொண்டேன். நிருஷாவை இரவில் தலை குளிக்க விடாதே, குளிர் தண்ணீர் குடிக்க விடாதே, படியில் நீ பிடித்து இறக்கு. சரக்கை விமானத்தில் விடுவார்களா என்று கேட்டு எழுது, இல்லாவிட்டால் அங்கே என்ன கிடைக்கும் என்றாவது பார்த்து வை.

பிள்ளையார் உங்கள் மூன்று பேருக்கும் துணையிருப்பார். தாயும் பிள்ளையும் இரு உயிராகப் பிரிந்து நல்லபடி வீடு வந்து சேர அம்மாவின் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தில் உள்ளது ஒன்றும் உனக்குத் தெரிந்ததாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, மீனைப் பற்றி அவர் சொன்னால் புதிதாகக் கேட்பது போலக் கேள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கொண்டுவந்து தரும்போது நான் கையை நீட்டிக்கொண்டு முன்னால்தான் நிற்பேன், என் குணம் உனக்குத் தெரியும். என்னிடம் கொடுக்காதே. முதலில் அவர் கையில் கொடு.

இப்படிக்கு,
உன் வரவுக்கல்ல, தன் வரவுக்கு நாள் எண்ணும் அம்மா,
பத்மாவதி சிவபாலன்.