நேர்முகத்தில் சொல்லாதது

அன்புள்ள அக்காவுக்கு,

போன வருடம் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காததால், அனுபவம் காட்டுவதற்காக லிட்கம் புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன் அல்லவா? முதுகு முறிகிறது.

அங்கே தங்கியிருந்த பிலோமினா அன்ரி போன மாதம் என் கையைப் பிடித்தபடியே இறந்துபோனார். கடைசியாக, "பிள்ளை, சாப்பிட்டனியே?" என்றுதான் கேட்டார்.

"இன்டர்வியூவில இதைச் சொல்லு, கட்டாயம் இடம் கிடைக்கும்" என்றார் அப்பா.

நேற்று நேர்முகத்தில், மறக்க முடியாத அனுபவம் எது என்று கேட்டார்கள். அன்ரியின் முகம் வந்தது. அவரை அவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை. நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கப் பழகியதைச் சொன்னேன். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அன்ரியைப் பற்றி நான் சொல்லவில்லை என்று அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. நாளைக்கு அன்ரியின் அறைக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். நான்தான் குளிப்பாட்ட வேண்டும்.

உன் தங்கச்சி