பலகைப் பெட்டிக்குள் தெக்லா

செப்டம்பர் 29, 1986, திங்கள்

மழை. ஏரியில் பயணிகளே இல்லை. படகுச் சீட்டு விற்கும் கூண்டுக்குள் நானும் ரேடியோவும்தான். பங்குச் சாமியார் கல்லிஸ்தோ குடையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"எர்மெத்தே, இந்த வருஷமும் நாடகத்துல நீதான் பயந்தாங்கொள்ளிச் சாமியார். வியாழக்கிழமை ஒத்திகை."

பதினைந்தாவது வருடம். நாடகத்தில் மாப்பிள்ளையாகவும் பெண்ணாகவும் வருகிறவர்கள் நிஜமாகவே கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பயந்தாங்கொள்ளி மட்டும் நிரந்தரம்.

செப்டம்பர் 30

நாங்கள் நாடகமாகப் போடும் அந்த நாவலை மறுபடி எடுத்தேன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் எங்கள் எல்லோர் தலையிலும் கட்டியது. இந்த நாட்டில் அதை முடித்தவனும் இல்லை, மன்னித்தவனும் இல்லை. இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், கதை அவ்வளவுதான். ஊர்ப் பிரபு அடியாட்களை அனுப்ப, கல்யாணம் செய்துவைக்க வேண்டிய சாமியார் பயந்து ஓட, பஞ்சம் வந்து, படை வந்து, கொள்ளைநோய் வந்து... அடேயப்பா! பாதி இத்தாலி செத்த பிறகுதான் தாலிக்கு வழி பிறக்கிறது. நடுநடுவே ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு ரொட்டி விலை பேசுவார். யாராவது அவரிடம், "ஐயா, அந்தப் பெண் காத்திருக்கிறாள்" என்று சொல்லியிருக்கக் கூடாதா?

அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வயது ஐம்பத்தாறு, இன்னும் ஒண்டிக்கட்டை.

அக்டோபர் 2, வியாழன்

ஒத்திகை. கொள்ளைநோயில் சாக வேண்டிய ரொட்டிக்கடைக் குடும்பம் செத்தபடியே வறுத்த கஷ்கொட்டை தின்றது.

இரண்டாம் காட்சியில் வழக்கம்போல் வசனத்தை மறந்தேன். மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுக்க மேடை விளிம்பில் இருக்கும் பலகைப் பெட்டிக்குள்ளிருந்து தெக்லா மெல்ல எடுத்துக் கொடுத்தாள்.

இங்கே மட்டும் உண்மையை எழுதிவிடுகிறேன். எனக்கு ஒரு வரியும் மறந்ததில்லை. கணவர் இறந்தபின் தான் நடத்தும் நூல், பொத்தான் கடையில் தெக்லா எல்லோருக்கும் கேட்கப் பேசுவாள். பெட்டிக்குள்ளிருந்து வரும் அந்தச் சின்னக் குரல் எனக்கு மட்டும். அதற்காகத்தான் வருடா வருடம் ஊர் சிரிக்க மறக்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

தெக்லா போகிறாள். டூரினில் மகளுக்குப் பிரசவம். "நாடகம் முடிஞ்சதும் மருமகன் கார்ல கிளம்பிடுவேன். கடையையும் மூடிட்டேன், இனி அங்கேதான்" என்றாள்.

"நல்லது" என்றேன். நல்லதாம்! என்னடா நல்லது? வாயில என்ன கொழுக்கட்டையா?

அக்டோபர் 26

மக்காச்சோளக் களியை ஒரே ஆளுக்குக் கிண்டவே முடியாது. எப்படிக் கிண்டினாலும் நாலு பேருக்கு வந்துவிடுகிறது. மூன்று நாளாக அதையே தின்கிறேன்.

நவம்பர் 8, சனி

நாளை திரை விழுந்ததும் சொல்லிவிட வேண்டும். போகாதீங்க என்று. இல்லை, திரும்பி வாங்க என்று. ஏதோ ஒன்று.

நவம்பர் 9, ஞாயிறு

மண்டபம் நிரம்பி வழிந்தது. இரண்டாம் காட்சியில் நிறுத்தினேன். பெட்டிக்குள்ளிருந்து குரல் வரவில்லை. பின்வரிசையில் ஒருவன், "சாமிக்கு மறந்துபோச்சு டோய்!" என்று கத்தினான். குனிந்து பார்த்தேன். தெக்லா பிரதியை மடியில் மூடி வைத்திருந்தாள்.

"உங்களுக்கு எல்லா வரியும் தெரியும். எனக்கும் அது தெரியும், ரொம்ப வருஷமா."

"அப்புறம் ஏன் எடுத்துக் குடுத்தீங்க?" மேடையென்பதை மறந்து கேட்டுவிட்டேன். சபை சிரித்தது.

"நீங்க எதுக்கு மறந்தீங்களோ, அதுக்குத்தான்."

என் வசனம் என்ன? "என்னால முடியாது, ஆளை விடுங்க!" கத்திவிட்டு ஓட வேண்டும். கத்தினேன். ஓடினேன். மேடையைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, அங்கியோடு படகுத்துறை வரைக்கும். கைதட்டல் துறைக்கே கேட்டது. சீட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்து அழுதேன். மிச்ச நாடகத்தைப் பயந்தாங்கொள்ளிச் சாமியார் இல்லாமலே ஒப்பேற்றினார்களாம். திரும்பி வந்தபோது பெட்டி காலி. கார் போய்விட்டது.

ஐயோ, அவ அதைப் பதில்னு நினைச்சிருப்பாளே! வசனம்தானே அது? வசனம்தானா?

நவம்பர் 17

ஊரில் எல்லோரும் பாராட்டுகிறார்கள். இதுவரை யாரும் இவ்வளவு தத்ரூபமாகப் பயந்ததில்லையாம்.

நவம்பர் 30, ஞாயிறு

கல்லிஸ்தோ சாமியாரிடம் எண் வாங்கி டூரினுக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதைத் தாளில் நாலு வரியாக எழுதி வைத்திருந்தேன். "ஹலோ, யாரு?" என்றாள். கண்ணாடி இல்லாமல் தாள் தெரியவில்லை. நாலு வரியும் நிஜமாகவே மறந்துபோயிற்று.

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு மெல்ல, பெட்டிக்குள்ளிருந்து வருகிற அதே குரல்:

"'தெக்லா, திரும்பி வாங்க.' அடுத்த வரி இதானே?"

அப்படியே சொன்னேன்.

"சத்தமா. கடைசி வரிசைக்குக் கேக்கல."

இன்னொரு தடவை சொன்னேன்.