வலது பக்கம் நான்கு விரல் நீளம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உனக்கு ஸ்டூல் போட்டார்களா, இன்னும் நின்றுகொண்டேதான் பில் போடுகிறாயா? நான் நலம்.

போன வாரம் குவாரி மேட்டில், நான் ஓட்டும் பழைய ஜீப்பின் பின்சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட் உடைந்தது. ஜீப் கொஞ்சம் பின்னால் உருண்டு ஒரு பாறையில் முட்டி நின்றது. வேலைக்கு ஏறி வந்த பதினொரு குவாரி ஆட்களுக்கும் ஒன்றுமில்லை, பயப்படாதே.

உடைந்த இடது பக்கத்தை மட்டும் அளந்து, அதே நீளத்தில் இரண்டு வாங்கிவிட்டேன். வலது பக்கம் நான்கு விரல் அதிகமாம். "ரெண்டையும் கழட்டிப் பாத்தியாடா தடியா?" என்று நீ கேட்பது காதில் விழுகிறது. மாற்றப் போனால் இந்த ஊர்க் கடைக்காரர் இன்னும் குழப்புகிறார். சாதா ஷாஃப்ட் மறுபடி உடையலாம். கெட்டியானது போட்டால் அது உடையாது, உள்ளே பல்சக்கரம் உடையுமாம். மேனேஜரைக் கேட்டேன். "உடைஞ்சா எறங்கித் தள்ளட்டும், சும்மாதானே உக்காந்து வர்றானுங்க" என்கிறான். அவன் ஒருநாளும் அதில் ஏறியதில்லை.

எதை வாங்குவது? ஒன்றும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை மறுபடி ஓட்ட வேண்டும். பதிலை எழுதாதே, போனில் பேசிப் பதிவுபண்ணி அனுப்பு. கடை இரைச்சலோடு இருந்தாலும் சரி, நீளமாகப் பேசு.

என்னை ஏற்றிப்போக வந்த லாரி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். அந்த மேட்டில் அப்படி ஒரே ஒரு பாறைதான் இருக்கிறது, அம்மா.

உன் பெரியவன்