இடப்பக்க நாற்காலி

மார்ச் 3, திங்கள்

உறுதியான செய்தி: மூளையின் வலப்பாதியில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது. சொன்னவர் பிரிவின் பெரிய டாக்டர், ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி. இடது கையும் காலும் வலுவிழந்திருப்பதும் உறுதி, நானே பார்த்தேன். மற்றதெல்லாம் என் பயம். பயத்தைச் செய்தியோடு கலக்காதே என்று எத்தனை இளம் நிருபர்களைத் திட்டியிருப்பேன்.

ஆனாலும் ஒன்றை எழுதியாக வேண்டும். என் மனைவி என்னைப் பார்ப்பதில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நாற்காலிக்குத்தான் இடம்; காலையிலிருந்து அதில்தான் இருக்கிறேன். அவள் முகம் மறுபக்கம், ஜன்னலை நோக்கி. "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். "வேண்டாம்மா" என்றாள் — அந்தப் பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பார்த்து.

மார்ச் 4

நேற்றும் பாதித் தட்டு, இன்றும் பாதித் தட்டு. "போதும், காலியாயிடுச்சு" என்று தட்டைத் தள்ளுகிறாள். உருளைக்கிழங்கு மசியலும் முட்டையும் அப்படியே இருக்கின்றன.

பெரிய டாக்டர்: "இப்படியே போனா உடம்பு தாங்காது. வியாழன் சாயந்திரம் வரைக்கும் பார்ப்போம். இல்லன்னா மூக்கு வழியா டியூப்."

வார்டின் கோடியில் ஒரு அம்மாவுக்கு அந்த டியூப் இருக்கிறது. பிடுங்கிவிடக் கூடாதென்று கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். இவளிடம் மிச்சமிருப்பதே ஒரு கை. தையல் கடையில் கத்தரி பிடித்த கை. அதையும் கட்டிப்போடுவார்களா?

மச்சான் போனில் பேசினான். "அக்காவுக்கு உங்க மேல கோவம் அத்தான். முப்பது வருஷமா ராத்திரி ராத்திரியா பேப்பர் ஆபீஸ்ல கிடந்தீங்கல்ல, இப்ப வசமா மாட்டிக்கிட்டீங்க." சிரிக்க வைக்கத்தான் சொன்னான். கோபம்தானா? கோபமென்றால் பரவாயில்லை. என்னை மறந்தே போயிருந்தால்?

மார்ச் 5

மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். சரியாகச் சாப்பிடாத நோயாளிகளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் துணையிருப்பது அவள் வேலை. "படிப்பு எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டேன். "சேர்ந்து மூணு மாசம் சார்." ஊசி போடத் தெரியாது, மருந்து தரக் கூடாது. எனக்கு எரிச்சலாக இருந்தது. டாக்டர் வரவேண்டிய இடத்துக்கு இவளா?

வெள்ளைக் கோட்டு அவளுக்குத் தொளதொளவென்றிருந்தது. கை நீளம் என்பதால் இரண்டையும் மடித்து விட்டிருந்தாள். என் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இருபது வருஷம் தையல் கடை நடத்தியவள்.

"யாரும்மா தைச்சது இதை? ஒரு கையை மட்டும் மடிச்சு விட்டிருக்க. இன்னொரு கை எங்க?"

"ரெண்டும் மடிச்சுதாம்மா இருக்கு."

"தையல்காரிகிட்டயே கதை விடுறியா?"

புத்தி தடுமாறுகிறது. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வராந்தாவில் போய் நின்றேன்.

திரும்பி வந்தபோது அந்தப் பெண் மட்டும் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 6, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியச் சாப்பாடு. வழக்கம்போல வலப்பாதி காலி. "போதும்" என்று தள்ளினாள். அந்தப் பெண் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "சார், தப்பா நினைக்காதீங்க. தட்டை மட்டும் திருப்பறேன்." அரைச்சுற்று திருப்பினாள். இடப்பக்கம் கிடந்த உணவு வலப்பக்கம் வந்தது.

"இதை முன்னாடியே வைக்கறதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டு என் மனைவி முழுவதையும் சாப்பிட்டாள்.

நான் எழுந்து கட்டிலைச் சுற்றிப்போய் ஜன்னல் பக்கம் நின்றேன்.

"எங்கங்க போயிருந்தீங்க இத்தனை நாளா?" என்றாள்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"மூளைப் பாடம் எங்களுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார். அந்தம்மா என் ஒரு கையைத்தான் பாக்கறாங்கன்னு தோணுச்சு, அவ்வளவுதான். டாக்டர் திட்டுவாரா?" அவள் உதடு வெளுத்திருந்தது. பயந்தவன் நான் மட்டும் இல்லை.

டாக்டர் திட்டவில்லை. "கண்ணுல கோளாறு இல்ல. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை கணக்குல எடுத்துக்கல. முதல் நாளே கேஸ் ஷீட்ல எழுதிட்டோம். தட்டு வரைக்கும் யாரும் யோசிக்கல." அவளிடம் திரும்பி, "மூணு வேளையும் நீயே வந்துரு" என்றார். டியூப் இப்போதைக்கு இல்லை.

மார்ச் 7

நிம்மதி ஒரு ராத்திரிதான்.

காலையில் என்னைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: "என்னங்க, படுக்கையில யாரோ கையை விட்டுட்டுப் போயிருக்காங்க. எடுத்துக் குடுத்துருங்க, தேடுவாங்க."

அவளுடைய இடது கை.

"உன் கைதான்மா."

"இவ்வளவு கனமாவா? சும்மா இருங்க."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. ஐயோ, நாளைக்கு முழு உடம்பையும் இப்படிச் சொன்னால்? என்னையும் சொன்னால்?

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "எனக்குத் தெரியல சார். கேட்டுட்டு வர்றேன்" என்று ஓடினாள். அமைச்சர்களிடமும் அதிகாரிகளிடமும் இந்தப் பதிலை எவ்வளவு கேட்டிருக்கிறேன். திரும்பி வந்தவர்கள் குறைவு. இவள் பிசியோதெரபி நிபுணரைக் கையோடு அழைத்து வந்தாள். இதுவும் அதே நோயின் வேலைதான் என்றார் அவர். பலருக்கு மாறுமாம். எல்லோருக்குமா? "அப்படிச் சொல்ல முடியாது சார்."

மார்ச் 8

நிபுணர் சொல்கிறார், ஜன்னல் பக்கம் நான் உட்காரக் கூடாதாம். மறுபடி சுவர் ஓரத்துக்கே போக வேண்டுமாம். அங்கிருந்து பேசிப் பேசித்தான் அவள் தலையை இடப்பக்கம் இழுக்க வேண்டும். அவளுக்கு நான் இல்லாத இடத்தில் நான் இருக்க வேண்டும்.

மார்ச் 9

முடியவில்லை.

மார்ச் 10

மாணவி தட்டைத் திருப்புவதை நிறுத்திவிட்டாள். கரண்டியால் தட்டின் இடது விளிம்பைத் தட்டுகிறாள். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்கம்மா."

"சும்மா சும்மா திரும்பச் சொல்றியே, அங்க என்ன இருக்கு?"

"சார் இருக்காரு."

"அவரா? ஆபீஸ் போயிருப்பாரு."

மாணவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

டியூப் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. பெரிய டாக்டரே சொன்னார். எடை குறையவில்லை. இடது கை தன்னுடையதென்று நேற்று ஒருமுறை ஒப்புக்கொண்டாள். இன்று காலை இல்லை என்றாள்.

மதியம் மாணவி வருவதற்கு முன்னால், யாரும் சொல்லாமலே, அவள் பார்வை மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது. தட்டின் விளிம்பு. கட்டில் கம்பி. என் சட்டை. அங்கே நின்றது.

"இந்தப் பட்டனை யாரு தைச்சது? கோணலா இருக்கு."

நான்தான் தைத்தேன், போன வாரம், இந்த நாற்காலியில் உட்கார்ந்து. பார்வை அதற்கு மேல் ஏறவில்லை, ஜன்னலுக்கே திரும்பிவிட்டது.

முகம் வரை வருமா என்பது தெரியவில்லை. நிபுணரும் சொல்லவில்லை. அடுத்த பரிசோதனை திங்கட்கிழமை காலை.