கைப்பிடி இல்லாத நாற்காலி

ஜனவரி 6

அன்புள்ள மச்சானுக்கு,

இது நானே என் கையால் எழுதும் கடிதம்! மாலை வகுப்பில் எழுத்துக் கற்றுக்கொண்டேன். எறும்பு வேகத்தில்தான் வருகிறது, ஆனால் வருகிறது.

உங்கள் அக்காவுக்கு எலும்பு மெலிந்துவிட்டது. குனிந்து வாளியைத் தூக்கியதில் முதுகெலும்பில் விரிசல். இப்போது வலி தணிந்துவிட்டது. மாத்திரையோடு எடைப் பயிற்சியும் செய்யச் சொல்லிவிட்டார் டாக்டர். நானும் கூடப் போகிறேன்.

அன்புடன்,
அத்தான்

ஜனவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து மகிழ்ந்தேன், படித்துப் பதறினேன். விரிசல் விட்ட முதுகோடு எடை தூக்குவதா? அதுவும் மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டு? என் வீட்டுக் கீழ் அறையில் கட்டில் போட்டுவிட்டேன். அடுத்த மாதக் கடைசியில் கார் கொண்டு வருகிறேன். அக்கா இனி இங்கேதான். எனக்கு இருப்பது ஒரே அக்கா.

உங்கள் மைத்துனன்

பிப்ரவரி 18

அன்புள்ள மச்சானுக்கு,

படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் மெலியுமாம். பயிற்சி தரும் பெண் சொன்னாள்.

முதல் நாள் கெடுத்தது நான்தான். ஆயுள் முழுக்க மூட்டை சுமந்தவன் அல்லவா? "இப்படித் தூக்கு" என்று முதுகை வளைத்துக் காட்டினேன். அந்தப் பெண் ஓடிவந்தாள்.

"தாத்தா, நீங்க லாரிக்கு லோடு ஏத்தல! முதுகு நேரா இருக்கணும். இடுப்புலதான் மடங்கணும். உடம்பை முறுக்கவே கூடாது."

"நல்லாச் சொல்லும்மா," என்றாள் உங்கள் அக்கா. "நான் சொன்னா எங்க கேக்குறாரு?"

தூக்குவது லேசான எடைதான். மூச்சை அடக்குவதில்லை. வலித்தால் நிறுத்திவிடுகிறோம். சுலபமாக வந்த பிறகுதான் எடையைக் கூட்டுகிறார்கள். இப்போது கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து எதையும் தொடாமல் எழப் பார்க்கிறாள். பாதி எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். "தம்பி வர்றதுக்குள்ள எழுந்து காட்டுறேன் பாருங்க" என்கிறாள்.

கார் கொண்டு வாருங்கள். ஆனால் அவளிடமே கேளுங்கள். என் கடிதங்களைத் திருத்துவது அவள்தான். இந்த ஒரு வரியை மட்டும் அவளுக்குக் காட்டவில்லை: அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது.

அத்தான்

மார்ச் 3

அத்தானுக்கு வணக்கம்.

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன், காரில் பக்கத்து இருக்கை காலியாக.

சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அக்கா கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து நேராக எழுந்து நின்றாள். "இப்ப நீ எழுந்திருடா பாப்போம்" என்றாள். எழுவதற்கு நான் மேசையைப் பிடித்ததைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தீர்கள். நன்றி.

கீழ் அறைக் கட்டிலை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று போட்டிருக்கிறேன். நானும் டாக்டரைப் பார்த்துவிட்டேன். முதலில் காலை எங்கே வைக்க வேண்டும் என்று அக்காவிடம் கேட்டு எழுதுங்கள்.

மெதுவாகவே எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

உங்கள் மைத்துனன்